உப்பில்லாப் பத்தியம்

1974 மாசி 12, செவ்வாய்

மகள் கிறேஸின் கண் மறுபடி மஞ்சளாகி இருக்கிறது. காலமை முகம் கழுவும்போது கண்டேன். அவளிடம் சொல்லவில்லை. கருவாட்டு வாடிக்குப் போய் மத்தியானம் வரை மீன் கீறி உப்புப் போட்டேன். கை தன்பாட்டில் வேலை செய்தது.

இந்த டயறி துறைமுகத்தில் இவருக்குக் கொடுத்தது. தை மாதம் வின்சன்ட் இதை எடுத்துக் கண்ட கண்ட பக்கத்தில் எல்லாம் வள்ளப் படம் கீறி வைத்துவிட்டான். வள்ளம் இல்லாத இடத்தில்தான் எழுதுகிறேன். என் படிப்பு மூன்றாம் வகுப்பு வரைதான். அவன் இருந்தால் என் எழுத்தைப் பார்த்துச் சிரித்திருப்பான்.

மாசி 13

அவனுக்கும் கண்ணில்தான் தொடங்கினது.

மாசி 20, புதன்

இந்த முறை நாட்டு மருந்துப் பரியாரியிடம் போகவில்லை. கிறேஸை ஆசுபத்திரிக்குக் கூட்டிப் போனேன். டொக்டர் இடப்பக்க விலாவுக்குக் கீழே அமத்திப் பார்த்தார். மண்ணீரல் வீங்கியிருக்கிறதாம். வீட்டில் வேறு யாருக்கும் வந்ததா என்று கேட்டார்.

"மகனுக்கு. ஒன்பது வயசு. போன மாசம் செத்தவன்."

பேனையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

இரத்தம் பார்க்கிற அறையில் இருப்பவர் கலீலுர் றஹ்மான். தினமும் கிண்ணியாத் துறை கடந்து வருகிறவர். நல்ல பிள்ளை. வரிசையாகச் சின்னக் கண்ணாடிக் குழாய்கள் வைத்திருந்தார். எல்லாவற்றிலும் உப்புத் தண்ணீர். முதலாவதில் உப்புக் கூட, பிறகு வரவரக் குறைவு, கடைசியில் வெறும் தண்ணீர். ஒவ்வொன்றிலும் கிறேஸின் இரத்தம் ஒரு துளி. பக்கத்தில் இன்னொரு வரிசை.

"அது ஆற்ர?" என்று கிறேஸ் கேட்டாள்.

"அது என்ர இரத்தம், தங்கச்சி. நல்லது எப்பிடி இருக்குமெண்டு பாக்கிறதுக்கு."

"உங்கட நல்லமெண்டு ஆர் சொன்னது?"

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு எனக்கு விளங்கப்படுத்தினார். "இரத்தத்தில கண்ணுக்குத் தெரியாத துணிக்கை இருக்கு அக்கா. ஒவ்வொண்டுக்கும் மெல்லிய தோல். உப்புக் குறைஞ்ச தண்ணியில போட்டா அந்தத் தோலுக்குள்ளால தண்ணி உள்ள போகும். நல்ல துணிக்கை சப்பை. ஊத இடமிருக்கு, தாங்கும். தங்கச்சியின்ர ஏற்கனவே பந்து மாதிரி. கொஞ்சத் தண்ணி போனாலே வெடிச்சிடும்."

பார்த்தேன். அவருடைய இரத்தம் அடியில் படிந்து கிடந்த அதே உப்பளவுக் குழாய்களில் கிறேஸின் இரத்தம் வெடித்துத் தண்ணீர் முழுக்கச் சிவப்பாகி இருந்தது.

மாசி 27, விபூதிப் புதன்

கோயிலில் சாம்பல் பூசினார்கள். எல்லோரும் எழும்பின பிறகும் முழந்தாளிலேயே இருந்தேன்.

கண் மஞ்சளாகிற செங்கமாரி என்றால் எல்லா வீட்டிலும் உப்பில்லாப் பத்தியம்தான். பரியாரி சொன்னபடி வின்சன்டுக்கு உப்பில்லாக் கஞ்சி, உப்பில்லாக் கீரை. ஒரு கல்லு உப்பும் நான் போடவில்லை. "ஒரு துண்டு கருவாடு தாங்கோவன் அம்மா" என்று கேட்டான். கருவாடு போடுகிறவளின் பிள்ளை ஒரு துண்டுக்குக் கெஞ்சினான். கொடுக்கவில்லை.

உப்புக் குறைந்தால் வெடிக்கும் என்று கண்ணால் பார்த்துவிட்டேனே. அப்ப ஆர் வெடிக்க வைச்சது? நான்தானே. என்ர கையாலதானே.

இவரிடம் சொல்லவில்லை.

பங்குனி 5

கிறேஸை விடமாட்டேன். அரிசிக்கும் பாணுக்கும் வரிசையில் நிற்கிறோம், உப்புக்கு வரிசை இல்லை. கஞ்சிக்கு அள்ளிப் போடுகிறேன். பின்னேரம் தேசிக்காய்த் தண்ணீரிலும் போடுகிறேன்.

இவர் ஒரு வாய் வைத்துவிட்டு, "இஞ்சரப்பா, வாடியை வீட்டுக்குக் கொண்டு வந்திட்டீரோ?" என்றார். பிறகு மிச்சம் விடாமல் சாப்பிட்டு முடித்தார்.

பங்குனி 11

கிறேஸுக்குத் தாகம் அடங்குகிறதில்லை. காலமை முகம் வீங்கியிருந்தது. நல்லதுக்கா கெட்டதுக்கா?

பங்குனி 13, புதன்

றஹ்மான் தம்பி முகத்தைப் பார்த்தவுடன், "என்ன சாப்பாடு குடுக்கிறீங்க?" என்று கேட்டார். நான் வாயைத் திறக்க முந்தி இவள் சொல்லிவிட்டாள்.

"அம்மா கஞ்சிக்குள்ள கடலை ஊத்துறா."

அவர் சிரிக்கத் தொடங்கி, என்னைப் பார்த்து நிறுத்தினார். கிறேஸை வெளி வாங்கில் இருக்கச் சொன்னார். அந்த அறையில் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். பத்தியம், கஞ்சி, கருவாட்டுத் துண்டு. இதுவரை ஒருவருக்கும் சொல்லாதது.

"இல்லை அக்கா. அது குழாய்க்குள்ள நடக்கிறது. உடம்பு அப்பிடி இல்லை. சாப்பாட்டில உப்புக் குறைஞ்சா உள்ள இருக்கிறதை மூத்திரத்தில விடாமப் பிடிச்சு வைச்சிருக்கும். கூடினாத் தண்ணி கேட்டு வெளியில தள்ளும். இரத்தத்தின்ர உப்பு மாறாது. பத்தியத்தால பிள்ளை சாகேல்ல."

"அப்ப எதால?"

"அந்தத் துணிக்கையை மண்ணீரல் பிடிச்சுப் பிடிச்சு உடைக்கும். அதோட காய்ச்சலும் வந்தா, உடம்புக்குப் புது இரத்தம் ஊற ஏலாமப் போயிடும்."

திரும்பவும் கேட்டேன். திரும்பவும் சொன்னார். வாசலில் நின்று இன்னொரு தடவை கேட்டேன். அலுக்காமல் சொன்னார்.

கருவாட்டைக் கொடுத்திருக்கலாம். கொடுத்திருந்தாலும் செத்திருப்பான். ஆனால் தின்றுவிட்டுச் செத்திருப்பான்.

பங்குனி 22, வெள்ளி

இது தாயிடமிருந்தோ தகப்பனிடமிருந்தோ வருகிறதாம். எங்கள் இரண்டு பேரிடமும் இரத்தம் எடுத்தார்கள். இவருடையது றஹ்மான் தம்பியுடையதைப் போல அடியில் படிந்து கிடந்தது.

என்னுடையது சிவந்துபோயிற்று. கிறேஸ் அளவுக்கு இல்லை. ஆனால் சிவந்துபோயிற்று.

வாடியில் பெண்கள் என்னை மஞ்சள் கண்ணி என்று கூப்பிடுவார்கள். வெயிலில் நிற்கிறபடியால் என்று நினைத்திருந்தேன்.

வரும் வழியில் இவர் கதைக்கவில்லை. என்னைக் குறை நினைக்கிறார் என்று இருந்தேன். படலையைத் திறக்கும்போது சொன்னார்: "அந்தக் கண்ணைப் பாத்துத்தானே கட்டினனான்." உள்ளே போய்க் குசினியில் நின்று அழுதார். செத்த வீட்டிலும் அழாத மனிசன்.

சித்திரை 14, உயிர்த்த ஞாயிறு

எல்லோரும் உயிர்த்தார் உயிர்த்தார் என்று பாடினார்கள். நான் கிறேஸின் கண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஆனி 19, கண்டி

ஒப்பரேசன் செய்து கிறேஸின் மண்ணீரலை எடுத்துவிட்டார்கள். கிறேஸ் மயக்கத்தில், "வின்சன்ட், அது என்ர இடம், தள்ளிப் படு" என்றாள். வாட்டுக்கு வெளியே போய் நின்றேன். இங்கே குளிர்.

புரட்டாதி 10

றஹ்மான் தம்பி திரும்பவும் குழாய் வைத்துப் பார்த்தார். அதே குழாயில்தான் வெடித்தது. எனக்கு உயிர் போய்விட்டது. "துணிக்கை மாறாது அக்கா, உடைக்கிற இடம்தான் இப்ப இல்லை" என்றார். கிறேஸின் கண் நல்ல வெள்ளை. என்னுடையதை அவர் பார்க்கவில்லை, நானும் கேட்கவில்லை.

கார்த்திகை 2, சனி, மரித்த விசுவாசிகள் நாள்

இந்தப் பக்கத்தில் வள்ளம் இருக்கிறது. பாய் கட்டி, கொடியும் கீறி இருக்கிறான். அதைச் சுற்றி எழுதுகிறேன்.

சேமக்காலையில் வின்சன்டின் கல்லறையில் மூன்று பேரும் மெழுகுதிரி கொளுத்தினோம். காற்று அணைத்துக்கொண்டே இருந்தது. கிறேஸ் கையைப் பொத்திப் பிடித்துக்கொண்டு நின்றாள். மதில் வரை ஓடிவிட்டுத்தான் வந்தவள். மூச்சு வாங்கவில்லை.

தை மாதத்துக்குப் பிறகு வீட்டில் கருவாடு பொரித்ததில்லை. இன்று நான் போட்ட பாரைக் கருவாட்டை எடுத்துக் கழுவிப் பொரித்தேன். இவர் வாசலில் வந்து நின்று மணத்தைப் பிடித்தார். கிறேஸ் இரண்டு துண்டு தின்றாள். தட்டில் ஒரு துண்டு மிச்சம் இருந்தது. ஒருவரும் எடுக்கவில்லை.

கனநேரம் பார்த்துக்கொண்டு இருந்துவிட்டு நான்தான் எடுத்துத் தின்றேன். உப்பு அளவாகத்தான் இருந்தது.