ஐந்து இடத்தில் ஒட்டி வைத்தவளுக்கு

காலையில் உன் கீபோர்டைக் கவிழ்த்துத் தட்டினேன். இன்னமும் விபூதி கொட்டுகிறது. கோயிலிலிருந்து நேராக வந்து, நெற்றியைத் தொட்ட கையோடு வேலைக்கு உட்காருவாய். எத்தனை முறை சொல்லியிருப்பேன். நீ போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது, உன் குப்பையை இன்னும் நான்தான் பெருக்குகிறேன்.

விபூதி பரவாயில்லை. நீ எழுதிய நிரல்தான் உயிரை வாங்குகிறது. தேரடித் தெருவில் நாம் நடத்திய கம்ப்யூட்டர் சென்டரில், ஆள் வராத மதியங்களில், யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்று இலவசமாகக் கிடைத்த, கட்டம் கட்டமாகக் கணக்கு எழுதும் அந்த விரிதாள் மென்பொருளுக்குள் புகுந்தாய். காப்பி பேஸ்ட் செய்யும் பகுதி உன்னிடம் வந்தது. அதைச் சரிசெய்கிறேன் என்று ஒரே நிரலை ஐந்து இடத்தில் காப்பி பேஸ்ட் செய்து வைத்தாய், மகராசி. ஒரு வரி விளக்கம் கிடையாது. கேட்டால் சிரிப்பாய்.

“எதுக்குடி எழுதிக்கினு? நான் இங்கதானே இருக்கேன், கேட்டுக்கோ.”

ஒரு காய்ச்சலில் போய்விட்டாய். பிறகு மென்பொருள் குழுவிலிருந்து மின்னஞ்சல் வந்தது. யாராவது விளக்கம் எழுதி ஒழுங்குபடுத்தாவிட்டால், உன் பகுதியை எடுத்துவிட்டு வேறு எழுதிக்கொள்வார்களாம். நீ செய்தது என்று மிச்சமிருப்பது அது ஒன்றுதான். விட மனசு வராமல் நானே உட்கார்ந்தேன்.

நான்கு இடத்தில் ஒரே மாதிரி இருந்தது. ஐந்தாவதில் மட்டும் ஒரு நிபந்தனை கூடுதல். அவசரத்தில் ஏதோ ஒட்டிக்கொண்டது என்று அதை எடுத்துவிட்டு, ஐந்தையும் ஒன்றாக்கினேன். நம் வழக்கப்படி புதுப் பதிப்பை எதிர் லாட்ஜ் கணினியில் போட்டுக் கொடுத்தேன். அன்று பௌர்ணமி. லாட்ஜ் மேனேஜர் நிரம்பிய அறைகளை வடிகட்டி மறைத்துவிட்டு, காலி அறைகளுக்கு நேரே பெயர்களை மொத்தமாக ஒட்டுகிறவர். இந்த முறை பெயர்கள் மறைத்த வரிசைகளின் மேலும் போய் விழுந்தன. கிரிவலம் சுற்றிவிட்டுக் கால் வலியோடு வந்த ஒரு குடும்பம் கதவைத் திறந்தால், உள்ளே இன்னொரு குடும்பம் படுத்திருக்கிறது.

மேனேஜர் சண்டைக்குத்தான் வந்தார். என்னைப் பார்த்ததும் குரல் இறங்கிவிட்டது.

“அந்தப் பொண்ணு எனக்காவ செஞ்சி குடுத்ததும்மா அது. நான் படுற பாட்டை ஸ்டூல் போட்டு உக்காந்து பாத்துட்டுப் போய் செஞ்சிச்சி. அதை ஏம்மா எடுத்த?”

ஏன் எடுத்தேன்? ஏன் போட்டாய் என்று நீ எழுதவில்லை, அதனால் எடுத்தேன். அதை அவரிடம் சொல்லவா முடியும். எனக்கு அழுகை வந்தது. அதைவிட ஜாஸ்தியாக உன் மேல் கோபம் வந்தது.

நிபந்தனையைத் திரும்பப் போட்டேன். மேலே விளக்கம் எழுதினேன்: மறைத்த வரிசைகளில் ஒட்டக் கூடாது, அங்கே ஏற்கனவே ஆள் இருக்கலாம். குழு ஏற்றுக்கொண்டது. உன் நிரல் பிழைத்துவிட்டது. இப்போதெல்லாம் எதைச் செய்தாலும், ஏன் செய்தேன் என்று எழுதாமல் நான் எழுந்திருப்பதில்லை.

விளக்கத்தின் கடைசியில், சந்தேகம் வந்தால் யாரைக் கேட்பது என்று குறிப்பிட வேண்டும். கை பழக்கத்தில் உன் பெயரை அடித்துவிட்டது. அழித்துவிட்டு என் பெயரைப் போட்டேன். எனக்குச் சந்தேகம் வந்தால் யாரைக் கேட்பது என்றுதான் நீ எங்கேயும் எழுதி வைக்கவில்லை.