கதவுக்கடியில் ஓர் அங்குலம்

என் பிரியமானவளே,

உன் அக்கா எழுந்து நடக்கிறாளா? இங்கே வின்னிபெக் குளிரில் மூக்கை வெளியே நீட்ட முடியவில்லை. வீட்டில் மற்றதெல்லாம் சரி, கீழே நம் பையன் டானிலோ இருக்கும் பேஸ்மென்ட் அறைதான் சூடாக மாட்டேன் என்கிறது. பலகையடித்துக் கம்பளமெல்லாம் விரித்தோமே, என்ன பிரயோசனம்?

சூடு கீழே போகட்டும் என்று மேலே சூடான காற்று வரும் வென்ட்களையெல்லாம் அடைத்தேன். நான் கோட்டோடு உட்கார்ந்து சாப்பிட்டதுதான் மிச்சம். உன் தம்பி ஒரெஸ்ட் வந்து பார்த்துச் சிரித்தான்.

"மச்சான், உள்ள இருக்கற குளிர்காத்து வெளிய வர வழியே இல்ல. அப்புறம் சூடு எப்படி உள்ள போகும்? கதவத் தொறந்து வைக்கச் சொல்லு அவன."

சொன்னேன். "எனக்குக் குளிரலப்பா, விடுங்க" என்று டானிலோ உள்ளிருந்தே பதில் சொன்னான். நீ செய்து வைத்த பியரோகிக் கொழுக்கட்டைகளைச் சுடவைத்துக் கதவருகே வைக்கிறேன். சில நாள் தட்டு அப்படியே இருக்கிறது.

நேற்று அவன் குளிக்கப் போன நேரம் பார்த்து, கதவைக் கழற்றி அடியில் ஓர் அங்குலம் அறுத்தேன். ஈரத் தலையோடு வந்து நின்றான். கத்துவான் என்று நினைத்தேன். கத்தியிருக்கலாம். கதவின் மறுபக்கத்தைப் பிடித்து, கீலில் மாட்ட உதவினான். பிறகு உள்ளே போய்ச் சாத்திக்கொண்டான்.

இதைக் கீழ்ப்படியில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். இடுக்கு வழியாகக் குளிர்காற்று வந்து என் காலில் படுகிறது. அந்த அறையிலிருந்து அதுவாவது வெளியே வருகிறது.

எனக்கு வேறெதை அறுப்பதென்று தெரியவில்லை. நீ எப்போது வருவாய்?

உன் வீட்டுக்காரன்