மேல் தாழ்ப்பாள்

அன்புள்ள அக்கா,

இந்த மாதம் நீ ஆறு முறை போன் செய்தாய். நான் எடுக்கவில்லை. கடையில் வேலை அதிகம் என்றால் நீ நம்ப மாட்டாய். எழுதினால் குரல் நடுங்காது என்பதால் எழுதுகிறேன்.

பள்ளிச் சீருடைத் தையல் மும்முரமாக நடக்கிறது. கால்சட்டையில் பெல்ட் செருகும் பட்டிகளை மட்டும் பக்கத்து மெஷின்காரி தைத்துத் தருகிறாள். ஏனென்று உனக்குத் தெரியும்.

நேற்று ஒரு சிறுமிக்கு அளவெடுத்தேன். "ரெண்டு இஞ்ச் கூடவே வைங்க, வயசுக்கு ரொம்பக் குள்ளமா இருக்கா, இனிமேதான் வளருவா" என்றார் அவள் அம்மா.

"எட்டு வயசுக்கு இவ்ளோதாம்மா இருக்க முடியும்" என்றாள் சிறுமி.

கையைத் தூக்கச் சொன்னேன். விரல் நுனி என் நெற்றிவரைதான் வந்தது.

அப்பா உன்னைப் பெல்ட்டால் அடித்து அறைக்குள் தள்ளி வெளியே தாழிட்ட அன்று எனக்கும் எட்டு வயது. "பாப்பா, திறடி" என்று உள்ளிருந்து கூப்பிட்டுக்கொண்டே இருந்தாய். நான் மேசைக்கு அடியில் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்தக் குழந்தையை இத்தனை வருடமும் கோழை என்றுதான் திட்டி வந்திருக்கிறேன். தாழ்ப்பாள் அப்பாவின் தலைக்கும் மேலே இருந்தது என்பது நேற்றுதான், அளவு நாடாவும் கையுமாக நின்றபோது நினைவுக்கு வந்தது.

நாற்காலி போட்டு ஏறியிருக்கலாமே என்று மனம் உடனே வாதாடியது. வாதாடட்டும். நேற்று மட்டும் நான் மேசைக்கு அடியில் இருந்தவளைத் திட்டவில்லை.

நீ கூப்பிட்டது இன்னும் காதில் கேட்கிறது. ஞாயிற்றுக்கிழமை போன் செய் அக்கா. எடுக்கிறேன்.

உன் பாப்பா