தூக்கம் வராத மாத்திரை

மார்ச் 4
நெடுந்தூரப் பேருந்து ஓட்டுகிறவருக்குக் கழுத்தை நீட்டினால் பாதி நாள் ஆளில்லாத வீடுதான். இன்று வந்தார், காய்ச்சலோடு. ஊரெல்லாம் பரவுகிற வைரஸ். உடம்பு கொதிக்கிறது, பாதம் மட்டும் வழக்கம்போல ஐஸ்கட்டி. படுத்ததும் அதை என் கெண்டைக்கால் மேல் வைத்தார். "அப்பால எடுங்க" என்று தள்ளிவிட்டேன்.

மார்ச் 7
சொல்லச் சொல்லக் கேட்காமல் வண்டிக்குப் போய்விட்டார். ஓட்டுநர் அறையில் ஒரு பிஸ்கட் டப்பா இருக்கிறதாம். அவரவர் வீட்டில் மீந்த மாத்திரையெல்லாம் அதில் கிடக்கும். எந்த நோய்க்கு எது என்று ஒருத்தரும் பார்ப்பதில்லை. தூக்கம் வருமா, வராதா? அது ஒன்றுதான் கேள்வி. வராததாகப் பார்த்து விழுங்கிக்கொண்டு ஓட்டுகிறார்.

மார்ச் 18
இருமல் விடவில்லை என்று இத்தனை நாளும் அதையே போட்டிருக்கிறார். இன்று மறுபடியும் காய்ச்சல். கண் எரிகிறது, வாயெல்லாம் புண், மார்பில் சிவப்புத் திட்டுகள். "வைரஸ் இன்னும் போகல, அதான்" என்று இன்னொன்றும் விழுங்கினார்.

மார்ச் 20
ஈரத்துணியால் முதுகைத் துடைத்தேன். தோல்— துணியோட வந்துடுச்சு. ஐயோ, துணியோட வந்துடுச்சே!

மார்ச் 21
தீக்காயப் பிரிவில் சேர்த்திருக்கிறார்கள். தீயே படாத மனுஷனை. அவர் வண்டியில் கூடப் போகும் கண்டக்டர், நாங்கள் மீசை என்று கூப்பிடுபவர், அந்த டப்பாவையே தூக்கிவந்து மேஜையில் கொட்டினார். "எதுன்னு பாருங்க மேடம்."
டாக்டரம்மா அதிலிருந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்தார். "எல்லாரும் போடுறதுதான். ரொம்ப அபூர்வமா யாருக்காவது ஒத்துக்காம தோலே இப்படி உரிஞ்சிடும்."
"உயிருக்கு ஒண்ணுமில்லையே?"
"பார்க்கலாம்மா."
பார்க்கலாம் என்றால்? இது என்ன பதில்?

மார்ச் 25
தொடக்கூடாது. இமை ஒட்டிக்கொள்ளாமல் மருந்து விட்டுக்கொண்டே இருக்கிறார்கள். கண் போய்விட்டால்? சாலையை விட்டால் வேறென்ன தெரியும் இவருக்கு? "ஒரு மாசமாவது வீட்டுல கிடங்களேன்" என்று எத்தனை தடவை சண்டை போட்டிருக்கிறேன். இப்படியா கேட்டேன்?
கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கட்டுப் போட்ட பாதங்கள் தெரிகின்றன. அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். வந்து வைங்க. ஒரே ஒரு தடவை வைங்க. தள்ள மாட்டேன்.

ஏப்ரல் 6
"பொழைச்சுட்டார்" என்றார் டாக்டரம்மா. நான் அழுத அழுகையில் மீசையும் சேர்ந்து அழுதார்.

ஜூன் 14
பார்வை இருக்கிறது. கண்ணீர்தான் சுரப்பதில்லை, வெளிச்சம் கூசுகிறது. எதிர்வண்டி விளக்கைத் தாங்காத கண்ணுக்கு ஸ்டியரிங் கிடையாது என்று சொல்லி, பணிமனை வேலைக்கு மாற்றிவிட்டார்கள். ஆகாத மருந்தின் பெயர் எழுதிய அட்டை எப்போதும் சட்டைப்பையில். பிஸ்கட் டப்பாவை மீசை குப்பையில் போட்டுவிட்டார்.
மத்தியானம் சாப்பிட்டுப் படுத்தோம். தெருமுனையில் ஒரு பெரிய வண்டி திரும்பியது.
"பிரேக் பிடிக்கிறான் பாரு, மடையன்" என்றார், கண்ணை மூடியபடியே. அந்தச் சத்தம் தேய்ந்து போகிறவரை கேட்டுக்கொண்டிருந்தார். அவர் கண்ணில் சொட்டு மருந்து விட்டேன்.
பிறகு, ஜில்லென்று, என் கெண்டைக்காலில்.
நான் நகரவில்லை.