அப்பா ஓவர்கோட்டைக் கழற்றினார்

ஸ்மீகோவ், பிராக்
பிப்ரவரி 1935

அன்புள்ள லுபோருக்கு,

என் கையெழுத்தைப் பார்த்ததும் வீட்டில் யாருக்கோ ஏதோ ஆகிவிட்டது என்று பதறிவிடாதே. இங்கே எல்லோரும் சுகம். நீயும் புவனோஸ் அய்ரஸில் சளி, ஜுரம் இல்லாமல் வேளாவேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். நான் உனக்கு எழுதலாமா என்பதே எனக்குத் தெரியவில்லை, மன்னித்துக்கொள். இந்த வீட்டுக்கு உன் சித்தியாக வந்த நாளிலிருந்து நாம் இரண்டு பேரும் சாப்பாட்டு மேசையில் உப்பை எடு, ரொட்டியை நகர்த்து என்பதற்கு மேல் பேசிக்கொண்டதில்லை. அதில் உன் குற்றம் ஒன்றும் இல்லை, எனக்குத்தான் வாய் வராது. எழுதுவது மட்டும் கொஞ்சம் வரும்.

பெர்தா அத்தை போன வாரம் பனிக்கட்டியில் வழுக்கி விழுந்தாள். அடி ஒன்றும் இல்லை, கையில் இருந்த பிளம் ஜாம் ஜாடிதான் உடைந்தது, அதற்கே மூன்று நாள் புலம்பினாள். அப்பாவுக்கு முழங்கால் வலி அப்படியே இருக்கிறது, ரயில்வே சிக்னல் அறையின் படிகளில் ஏறும்போது கம்பியைப் பிடித்துக்கொள்கிறாராம், மருத்துவரிடம் போங்கள் என்றால் மருத்துவர் என்ன புதுக் காலா தரப்போகிறார் என்கிறார். நீ அத்தைக்கு எழுதும் கடிதங்களை அவள் ஞாயிற்றுக்கிழமை சத்தமாகப் படிப்பாள். அப்பா உடனே அடுப்புக்குக் கரி போட எழுந்துவிடுவார். அடுப்பு நிறையக் கரி இருக்கும், இருந்தாலும் அங்கேயே நின்று கிளறிக்கொண்டிருப்பார். அத்தை மடித்து வைத்த பிறகுதான் திரும்பி வருவார். ரயில்வே எழுத்தர் தேர்வு நாளில் நீ பிர்னோவுக்குப் பிங்பாங் ஆடப் போனாயே, அன்றிலிருந்து உன் பெயர் அவர் வாயில் வந்ததில்லை. ஒரு மணி நேரம் ஒரே இடத்தில் உட்காரப் பொறுமையில்லாத பசங்களோட ஆட்டம் அது என்று ஒரே ஒரு முறை சொன்னார், அவ்வளவுதான்.

இப்போது நான் சொல்லப்போவதை நீ நம்பமாட்டாய். இந்த மாதம் இங்கே பிங்பாங் சர்வதேசப் போட்டி நடந்தது. பல நாட்டுக்காரர்கள் வந்ததால் மொழிபெயர்க்க ஆள் தேடினார்கள், நான் பாடம் நடத்தும் பள்ளியின் தலைமையாசிரியர் என் பெயரைக் கொடுத்துவிட்டார். செங்கல் சூளைக்காரர் மகள் நீ பல்கலைக்கழகத்தில் படித்த ஆங்கிலம் கடைசியில் இதற்குத்தானா என்று அத்தை சிரித்தாள்.  எதற்காக ஒரு பையன் தேர்வை விட்டுவிட்டுப் போனான் என்று தெரிந்துகொள்ள எனக்கு ஆசையாக இருந்தது, அதனால் ஒப்புக்கொண்டேன்.

என்னை நடுவருக்குப் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். சனிக்கிழமை மதியம் ஓர் இங்கிலாந்துக்காரரும் ஜாக்ரெபிலிருந்து வந்த ஒரு குள்ள மனிதரும் ஆடினார்கள். ஆடினார்கள் என்று சொல்வதா என்று தெரியவில்லை. இவர் பந்தை அடிக்காமல் வலைக்கு மேலே மெல்லத் தள்ளுவார், அவர் தள்ளுவார், திரும்ப இவர் தள்ளுவார். வலை இவ்வளவு உயரமாக இருக்கும்போது முதலில் அடிக்கிறவன்தான் தப்பு செய்வான், அதனால் எவனும் அடிக்கமாட்டான் என்று நடுவர் என் காதில் சொன்னார். ஒரு மணி நேரம் ஆகியும் முதல் பாயின்டே முடியவில்லை. இங்கிலாந்துக்காரர் பந்தைத் தள்ளிக்கொண்டே என்னைப் பார்த்து, பசிக்கிறதா என்று அவரிடம் கேளுங்கள் அம்மா என்றார். அரங்கம் அமைதியாக இருக்க, நான் எழுந்து நின்று குள்ளருக்குப் புரிகிற ஜெர்மன் மொழியில் கேட்டேன். நான் நல்லா சாப்பிட்டுட்டுத்தான் வந்திருக்கேன், அவருக்குப் பசிச்சா தோத்துட்டுப் போய்ச் சாப்பிடச் சொல்லுங்க என்றார் குள்ளர். அதையும் ஆங்கிலத்தில் சொன்னேன். கூட்டம் சிரித்த சிரிப்பில் என் காது சிவந்துவிட்டது, ஆனாலும் சிரிப்பு என்னைப் பார்த்து இல்லை என்று புரிந்தபோது கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

அப்போதுதான் அப்பாவைப் பார்த்தேன். வேலை முடிந்து என்னை வீட்டுக்குக் கூட்டிப்போக வந்தவர், ரயில்வே ஓவர்கோட்டும் தொப்பியுமாக, என் காதுக்கு எட்டும் தூரத்தில் இரண்டாவது வரிசை ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். கோட்டு வாங்கி வைக்கும் அம்மாள் பின்னாலேயே வந்துவிட்டாள். அரங்கத்துக்குள் கோட்டோடு உட்காருவது எப்பேர்ப்பட்ட மரியாதைக்குறைவு என்று உனக்குத்தான் தெரியுமே. ஐயா, இது ஸ்டேஷன் இல்லை, கழட்டிக் குடுங்க என்றாள். நான் உட்கார வரலம்மா, ரெண்டு நிமிஷம், இந்தப் பாயின்ட் முடிஞ்சதும் கிளம்பிடுவேன் என்றார் அப்பா. பக்கத்தில் இருந்த நம் தெருப் பேக்கரிக்காரர் விடவில்லை. இந்தப் பாயின்டா? நான் நடுவுல போய் பன்னிக்கறியும் முட்டைக்கோசும் தின்னுட்டு பீரும் குடிச்சிட்டு வந்துட்டேன், இது இன்னும் அதே பாயின்ட்தான் ஐயா என்றார். அப்பா முறைத்தாரே தவிர எழுந்திருக்கவில்லை.

எனக்கு அதன் பிறகு பந்தில் கவனம் போகவில்லை, அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தேன். நெற்றியில் வேர்வை வழிகிறது, கோட்டுப் பொத்தான் ஒன்றைத் திறக்கிறார், கொஞ்சம் கழித்து இன்னொன்று. முதலில் தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பினார், பிறகு திருப்பாமல் இங்கிலாந்துக்காரரின் மட்டையை மட்டும் பார்த்தார். பேக்கரிக்காரரிடம், பந்து நல்லா எழும்பித்தான் வருது, ஏன் அடிக்காம விடறான் என்று கேட்டார். அடிச்சா போச்சு ஐயா, கை துறுதுறுங்கும், அதை அடக்கிட்டு நிக்கணும், அதுதான் இதுல வேலையே என்றார் அவர். அப்பா கோட்டின் கடைசிப் பொத்தானையும் திறந்தார். அப்புறம், இவனை என் சிக்னல் அறையில கொண்டுபோய் உட்கார வெச்சா கண்ணை மூடிட்டு நான் வீட்டுக்குப் போவேன் என்றார். அவர் இதுவரை எந்த மனிதரையும் இவ்வளவு உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை.

அந்தச் சமயத்தில் பந்து மேசையில் பட்டு வேறு மாதிரி ஒரு சத்தம் வந்தது. நடுவர் கையைத் தூக்கினார், பந்தை விளக்கில் பிடித்துப் பார்த்தார், விரிசல். பாயின்ட் யாருக்கும் இல்லை, புதுப் பந்தில் முதலிலிருந்து ஆடுங்கள் என்றார். நான் அதை இரண்டு மொழியிலும் சொல்லி முடிப்பதற்குள் அரங்கமே அலறியது. குள்ளர் மட்டையைத் தலையில் வைத்துக்கொண்டார். அப்பா சிரித்தார் லுபோர். முழங்காலில் தட்டித் தட்டி, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். நீ போன பிறகு அப்படி ஒரு சிரிப்பு இந்த வீட்டில் கேட்டதில்லை. புதுப் பந்தை எடுத்து வருவதற்குள் அவர் எழுந்தார், கிளம்பிவிட்டார் என்றே நினைத்தேன். ஓவர்கோட்டைக் கழற்றி மடித்து, தொப்பியையும் அதன்மேல் வைத்து அந்த அம்மாளிடம் கொடுத்துவிட்டு வந்து மறுபடி உட்கார்ந்தார்.

யார் ஜெயித்தார்கள் என்று அத்தை எழுதுவாள், அவளுக்கு அதுதான் முக்கியம். நீ அங்கே வெயில் என்று ஐஸ் தண்ணீராகக் குடிக்காதே. மாட்டுக்கறி மலிவு என்று அதையே மூன்று வேளையும் தின்னாதே, காய்கறியும் சாப்பிடு. சட்டைக் காலர் கிழிந்தால் தூக்கிப் போடாமல் திருப்பித் தைத்துக்கொள். எங்கே இருந்தாலும் உடம்பும் மனசும் திடமாக இருந்து நல்ல பெயர் எடுக்க வேண்டும், கடவுள் உன்னைக் கைவிடமாட்டார். அப்பாவுக்கு நான் எழுதுவது தெரியாது, நீயும் சொல்லிவிடாதே.

இத்தனை பக்கம் எழுதியும் கேட்க வந்ததை இன்னும் கேட்கவில்லை. அன்று ஆற்றுப் பாலத்தில் நடந்து வரும்போது அப்பா திடீரென்று நின்றார். ஹெர்மினா, நம்ம பையன் எப்படி ஆடுவான், தள்ளுவானா, அடிப்பானா என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. நான் உன் ஆட்டத்தை ஒரு நாளும் வந்து பார்த்ததில்லை. மறுநாள் அத்தையிடம் கேட்டிருக்கிறார், அவளுக்கும் தெரியவில்லை. இந்த வீட்டில் அதற்குப் பதில் சொல்ல ஆளே இல்லை லுபோர். நீ அவருக்கு எழுது. அத்தைக்கு இல்லை, என் பெயருக்கும் இல்லை, உறையின்மேல் அவர் பெயரைப் போட்டு அவருக்கு. தேர்வைப் பற்றி ஒரு வார்த்தையும் வேண்டாம், மன்னிப்பும் கேட்க வேண்டாம். தள்ளுவாயா அடிப்பாயா, அதை மட்டும் எழுதினால் போதும்.

உன் சித்தி
ஹெர்மினா