பட்டு நூலால் போட்ட முடிச்சு

ஆடி, ஞாயிறு இரவு.

பாரம் ஏற்றினால் பின்பக்கம் தாழக்கூடாது என்று நெசவாளி குமரனின் பிக்கப் வண்டிக்கு இன்று என் பட்டறையில் பின் ஸ்பிரிங்குகளோடு இரண்டு காற்றுப் பைகள் பொருத்தினேன். இடது பையின் காற்றுக் குழாயைச் சைலன்சரில் படாமல் தள்ளிக் கட்டும்போது பிளாஸ்டிக் டேக் தீர்ந்துவிட்டது. உதிரிபாகக் கடையும் மூடியிருந்தது.

"ராகு காலம் வர்றதுக்குள்ள வண்டிய எடுக்கணும்ணா" என்று குமரன் நச்சரித்தான். வீட்டுத் தறியிலிருந்து கழிவு நூலை எடுத்து முறுக்கிக் கட்டினேன்.

"பட்டுபா, யானை இழுத்தாலும் அறாது" என்று பீற்றிக்கொண்டேன்.

அறாது. ஆனால் சைலன்சர் சூட்டில் கருகும். இரவு சாப்பிட உட்கார்ந்தபோதுதான் உறைத்தது. அதற்குள் அவன் வீட்டில் தறி மரங்களை ஏற்றிக்கொண்டு, பொழுது சாய்ந்ததும் மனைவியோடு ஆரணிக்குக் கிளம்பிவிட்டிருந்தான்.

உடனே ஃபோன் போட்டேன்; அவன் மனைவிதான் எடுத்தாள். "அவரு ஓட்டிக்கினு இருக்காருண்ணா. வண்டி ஒரு பக்கமா சாயுதுன்றாரு. முடி கருகுற நாத்தம் வேற வருது."

அசல் பட்டா என்று பார்க்க நூலைக் கொளுத்துவோம். அந்த நாற்றம்தான் வரும்.

"மெதுவா ஓரங்கட்டச் சொல்லும்மா!" என்று கத்தினேன்.

நிறுத்திவிட்டார்கள். பைக்கில் போய், சைலன்சரில் ஒட்டி உருகிய குழாயை மாற்றினேன். குமரன் திட்டவில்லை. கருகிய நூலை என் உள்ளங்கையில் வைத்தான்.

"அசல் பட்டுதாண்ணா."