இடப்பக்கம் ஆடாத இருக்கைகள்

5 ஆகஸ்ட் 2019, திங்கள்

எங்கள் பார்க்கின் ஆடும் இருக்கை அரங்கில் மெக்கானிக் சேஃபோ மோட்டார் வேலையை முடித்துவிட்டான். இனிமேல் என் பாடு.

இருபத்தைந்து வருடமாக ஒரே நீர்மூழ்கி, அதைத் துரத்தும் ஒரே ராட்சதக் கணவாய். அந்தப் படத்தை மே மாதத்தோடு மூட்டை கட்டியாயிற்று. எண்ணெயில் ஓடிய பழைய இருக்கைகளும் போய்விட்டன. புதுப் படம் (இதிலும் நீர்மூழ்கிதான்), புது மின்மோட்டார். செப்டம்பர் 21, பள்ளி விடுமுறையின் முதல் நாள், திறந்தே ஆக வேண்டும். முதல் இருக்கையில் உட்கார்ந்து படத்தைப் பார்த்துக்கொண்டே கைப்பிடியை நான் ஆட்டுவேன். அது பதிவாகும். அதன்படியே மற்ற இருக்கைகள் சாயும், குதிக்கும், பாயும். 1994-லும் நான்தான் ஆட்டினேன். இந்தக் கோல்ட் கோஸ்ட்டில் என்னை விட்டால் ஆளில்லை என்று சொல்லிக்கொண்டு திரிகிறவன் நான்.

பிப்ரவரியில் குளியலறையில் விழுந்ததை பார்க்கில் யாருக்கும் சொல்லவில்லை. இடது உள்காது கெட்டுப்போயிருக்கிறது. உப்பு கூடாது, சுற்றுகிற எதிலும் ஏறக்கூடாது என்றார் டாக்டர். நான் சம்பளம் வாங்குவதே ஆடுகிற இருக்கையில் உட்காருவதற்கு.

6 ஆகஸ்ட்

ரொட்டியில் தடவும் உப்புக்கரிக்கும் வெஜிமைட் டப்பாவை என் மனைவி ஜனெல் ஒளித்துவைத்துவிட்டாள். வெறும் ரொட்டி. "நீயா சொல்றியா, இல்ல நான் ப்ரான்வெனுக்குப் போன் போடட்டுமா?" என்கிறாள். ப்ரான்வென் எங்கள் மேலாளர். திறப்பு முடியட்டும், நானே சொல்கிறேன் என்றேன்.

14 ஆகஸ்ட்

நான்கு சவாரி. பிறகு கழிவறைத் தரையில் இருபது நிமிடம். தரை குளிர்ச்சியாக இருந்தது, அதுவே பெரிய உபகாரம்.

22 ஆகஸ்ட், வியாழன்

இன்று பார்க் ஊழியர்களை உட்காரவைத்து ஓட்டிப் பார்த்தோம். எங்களுக்கு ஒரு கணக்கு உண்டு, சேஃபோ வைத்தது. "ஒரு நாளைக்கு மூணு வாந்திப் பைக்குக் கீழ போனா ஷோ செத்துச்சு. பத்துக்கு மேல போனா நாம செத்தோம்." பகல் முழுக்க ஓட்டியும் ஒரு பைகூட இல்லை. ஐஸ்கிரீம் கடைப் பெண் வெளியே வரும்போது, "நல்லாத்தான் இருக்கு, தூக்கம் தூக்கமா வருது" என்றாள்.

ப்ரான்வென் சிரிக்கவில்லை. "என்ன கெராட் இது? இத்தன பணத்தக் கொட்டி தாலாட்டவா சொன்னேன்?"

"புது மோட்டார் பிந்துது" என்றேன்.

எங்கிருந்து வந்தது அந்த வார்த்தை? யோசித்துச் சொன்னதில்லை. சேஃபோ பக்கத்திலேயே நின்றான். "பிந்துதா? சரி, பாத்துருவோம்" என்று மட்டும் சொன்னான்.

31 ஆகஸ்ட், சனி

சேஃபோ காலையிலிருந்து இருக்கைகளுக்கு அடியில் கிடக்கிறான். எல்லா மோட்டாரையும் கழற்றிச் சோதிக்கிறான். இன்று அவன் மகள் லூசியாவுக்கு நெட்பால் இறுதிப் போட்டி. போகவில்லை. போன் வந்தபோது எழுந்து எடுக்கக்கூட முடியாமல், "ஸ்பீக்கர்ல போடுப்பா" என்றான். போட்டேன். "ஆறு கோல்ப்பா!" என்று அந்தப் பெண் கத்தினாள். அவன் அடியில் இருந்தபடியே ஹோ என்று கூவினான். நான் போனைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

3 செப்டம்பர், செவ்வாய்

எழுதியே தீர வேண்டும்.

மத்தியானம் சேஃபோ வந்தான். "இடப்பக்க மோட்டார எல்லாம் வலப்பக்கம் மாத்திட்டேன், வலத்த இடத்துக்கு. அப்பவும் இடப்பக்கந்தான் செத்துக் கெடக்கு. அப்ப மோட்டார் இல்லப்பா."

"பின்ன?"

"அதான் எனக்கும் வெளங்கல."

அவன் போனதும் பதிவைத் திறந்து பார்த்தேன். வலப்பக்கம் பாயும் இடமெல்லாம் கோடு மலை மாதிரி ஏறி இறங்குகிறது. இடப்பக்கம் பாயும் இடமெல்லாம் தரையோடு தரையாகக் கிடக்கிறது. ஒன்றிரண்டு இடமல்ல, பதினேழு. இடது காது. தலை சுற்றுமே என்று கை தானாகப் பின்வாங்கியிருக்கிறது, எனக்கே தெரியாமல்.

எனக்கே தெரியாமலா? நிஜமாகவா, கெராட்?

6 செப்டம்பர்

சிட்னியிலிருந்து மோட்டார் கம்பெனி ஆட்களை வரவழைக்கிறாள் ப்ரான்வென். திங்களோடு சேஃபோவின் ஒப்பந்தம் முடிகிறதாம். என் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னாள். "மோட்டார் சரியில்லன்னு நீதான சொன்ன?"

நான் தலையை ஆட்டினேன். ஆட்டித் தொலைச்சேன். என்ன மனுஷன்டா நீ? பதினொரு வருஷம் ஒரே மேஜையில சோறு தின்னவன். உன் நாற்காலி போயிரும்னு அவன் பொழப்புல மண்ணப் போடுறியே.

7 செப்டம்பர்

தூக்கமில்லை. படுத்தால் கட்டில் சுற்றுகிறது, எழுந்தால் நான் சுற்றுகிறேன்.

9 செப்டம்பர், திங்கள்

சொல்லிவிட்டேன். இருவரையும் ஒன்றாக நிற்கவைத்து, பதிவையும் டாக்டர் சீட்டையும் மேஜையில் போட்டுவிட்டு, ஒரே மூச்சில்.

ப்ரான்வென் சீட்டை இரண்டு முறை படித்தாள். "பிப்ரவரியா? இப்ப என்ன மாசம்னு தெரியுமா உனக்கு?" இனி அந்த இருக்கைப் பக்கமே நான் போகக் கூடாது என்றாள். சேஃபோவிடம் நேராக மன்னிப்புக் கேட்டு, அவன் ஒப்பந்தத்தை நீட்டித்தாள். நானும் மன்னிப்புக் கேட்டேன்.

"ஒடம்பு சரியில்லன்னு ஒரு வார்த்த சொல்லிருந்தா ஒன்னத் தோள்ல தூக்கிட்டுப் போயிருப்பேன்" என்றான் சேஃபோ. "அந்தப் புள்ள ஆறு கோல் போட்டா. நான் எங்க கெடந்தேன்? ஒம் பொய்க்கு அடியில கெடந்தேன்."



13 செப்டம்பர்

முதல் இருக்கையில் சேஃபோ. கைப்பிடி அவன் கையில். நான் கட்டுப்பாட்டு அறையில், ஒலிவாங்கி முன்னால். பாறை இடுக்கு வருது, இப்ப இடது, இன்னும், இன்னும் என்று நான் சொல்லச் சொல்ல அவன் ஆட்டுகிறான். பதினேழில் எட்டு முடிந்தது. வேலைக்கு வேண்டிய வார்த்தை மட்டும் பேசுகிறான். "அடுத்தது." "மறுபடி." "போதுமா?"

18 செப்டம்பர்

பதினேழும் முடிந்தது. கடைசி நான்கில் நான் சொல்வதற்கு முன்பே அவன் கை போய்விட்டது. வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

21 செப்டம்பர், சனி

திறந்தாயிற்று. ஒன்பதரைக்கே வரிசை வாசல் வரை.

எனக்குக் கொடுத்த வேலை கதவு. கர்ப்பிணிகள், இதய நோயாளிகள், முதுகுவலி, தலைசுற்றல் உள்ளவர்கள் ஆடும் இருக்கையில் உட்காரக் கூடாது என்று ஒவ்வொரு கூட்டத்துக்கும் உரக்கப் படிக்க வேண்டும். மூன்றாவது கூட்டத்தில் ஒரு பெண் கை தூக்கினாள், நாற்பது வயதிருக்கும். அவளோடு வந்த இரண்டு வாண்டுகள் உள்ளே ஓடிவிட்டன. "எனக்குக் காதுல கோளாறு. அப்ப நான் வெளிய நிக்கணுமா?"

"வேணாம். முன்னால நாலு ஆடாத சீட்டு இருக்கு, வாங்க" என்று கூட்டிப்போனேன். தனியாக உட்காரத் தயங்கினாள். அடுத்த கூட்டத்துக்கு நேரமிருந்தது. நானும் உட்கார்ந்தேன்.

இத்தனை வருடத்தில் அந்த நான்கு இருக்கைகளில் நான் உட்கார்ந்ததே இல்லை. படம் தொடங்கியது. பாறை இடுக்கில் நீர்மூழ்கி இடப்பக்கம் விழுந்தது. எங்களுக்குப் பின்னால் மொத்தக் கூட்டமும் ஒரே தொண்டையாக அலறியது. தரை அதிர்ந்து செருப்பு வழியாக ஏறியது. நான் அசையவில்லை. பொறாமையாக இருந்தது. அதை மறைத்து என்ன ஆகப்போகிறது.

"நீங்க இங்க வேலதான? நீங்க ஏன் இதுல உக்காந்துருக்கீங்க?" என்று அந்தப் பெண் கேட்டாள்.

"எனக்கும் காதுதாங்க" என்றேன்.

மதியம் சேஃபோ கைகளைத் துடைத்துக்கொண்டு கதவுப் பக்கம் வந்தான். இடப்பக்கப் பாய்ச்சல் நான் இதுவரை செய்த எதையும்விட நன்றாக இருக்கிறது, தொண்ணூற்று நான்கையும் சேர்த்துத்தான் சொல்கிறேன் என்றேன்.

"தெரியும்" என்றான். போகத் திரும்பினான். பிறகு நின்றான்.

"சாப்ட்டியா?"

பன்னிரண்டு நாளில் வேலையைத் தவிர அவன் என்னிடம் கேட்ட முதல் கேள்வி. இல்லை என்றேன்.